ஷண்ட் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் சர்ஜிக்கல் கடை வைத்திருக்கிறேன். மூளையில் நீர் கோத்தவர்களுக்கு, அந்த நீரை வயிற்றுக்கு இறக்கிவிட வைக்கிற ஷண்ட் என்ற குழாயும் என்னிடம் உண்டு. சங்கரன்கோவில், வள்ளியூர், அம்பாசமுத்திரம், முக்கூடல் என்று பல ஊர்களிலிருந்தும் சீட்டோடு வருகிறார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவந்த சந்தேகத்தையெல்லாம் கவுண்டரில் சாய்ந்துகொண்டு என்னிடம் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால்தான் இந்தத் தொகுப்பு.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ விஷயங்கள் அறுவை டாக்டர்களிடமும் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) சிஸ்டர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை. விலை, பெட்டி, பில் பற்றியவை என் தொழில். உங்கள் பிள்ளைக்கு எது என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

மூளையில நீர் கோத்திருக்குன்னு சொல்லுதாவ. தண்ணி கொஞ்சமா குடிச்சா குறையாதா அண்ணாச்சி?

குறையாது. குடிக்கிற தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளைக்குள் இருக்கும் அறைகளில் ஒரு தெளிந்த நீர் எல்லோருக்கும் ஊறிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஊறும். ஆனால் ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். மீதி மூளையைச் சுற்றி வந்து ரத்தத்தில் கலந்துவிடும். போகிற வழி அடைத்தாலோ, ரத்தத்தில் கலப்பது குறைந்தாலோ நீர் தேங்கி அறைகள் வீங்கும். கைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது, அதனால் தலை பெரிதாகும். எலும்பு சேர்ந்த பிறகு வந்தால் தலை பெரிதாக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். அதுதான் தலைவலி, வாந்தி, மயக்கம்.

காரணம் பல. பிறக்கும்போதே வழி குறுகியிருப்பது, முதுகில் கட்டியோடு பிறப்பது, குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிவது, டிபி மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி. கிரகணத்தில் வெளியே வந்ததால் என்று மருமகளைத் திட்டுகிற மாமியார்களை இன்னும் பார்க்கிறேன். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஷண்ட்னா என்னது? தலைக்குள்ள மோட்டார் மாதிரி வைக்காவளா?

மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. பெட்டியைப் பிரித்தால் சிலிக்கோனில் செய்த மூன்று உருப்படிகள் இருக்கும். ஒன்று, மூளை அறைக்குள் போகிற குட்டைக் குழாய். அதன் நுனியில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். இரண்டாவது வால்வு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்தான், விலையில் பெரும்பகுதி இதற்கே. மூன்றாவது, வயிறு வரை போகிற நீளக் குழாய். எல்லாமே தோலுக்கு அடியில்தான் ஓடும். காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு வழியாக இறங்கி, குடலைச் சுற்றியிருக்கும் வயிற்று உறைக்குள் முடியும். அங்கே விழுகிற நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

வால்வு ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வந்தால் திறக்கும், குறைந்தால் மூடும். லோ, மீடியம், ஹை என்று சீட்டில் எழுதியிருப்பது அந்த அழுத்தத்தைத்தான். ‘மீடியம் இல்லேன்னா ஹை குடுங்க’ என்று கேட்காதீர்கள். சட்டை சைஸ் இல்லை இது.

வெறும் ரப்பர் டியூப்தான? அதுக்கு எதுக்கு இந்த விலை?

டியூப் பெரிய விஷயமில்லை. நீர் திரும்பி ஏறாத, அடைக்காத, உடம்பு ஏற்றுக்கொள்கிற வால்வு செய்வதில்தான் பல காலம் தடுமாறினார்கள். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்று ஒரு மெஷின் தொழிலாளி. அவர் மகன் கேசிக்கு இந்த நோய் வந்தது. சரியான வால்வு இல்லாமல் டாக்டர் யூஜின் ஸ்பிட்ஸ் திணறுவதைப் பார்த்து, ஹோல்ட்டர் தானே சிலிக்கோனில் ஒரு வால்வு செய்தார். அது 1956. அதன் பிறகுதான் ஷண்ட் என்பது ஊர் ஊராக வைக்கக்கூடிய சிகிச்சையானது.

இன்றைக்கு விலையில் மருத்துவத் தர சிலிக்கோன், கிருமி நீக்கம், ஒவ்வொரு வால்வையும் சோதிப்பது, லைசென்ஸ் செலவு எல்லாம் சேருகிறது. அப்புறம் கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்களின் பங்கும் சேருகிறது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு கடையில சில ஆயிரம்ங்காவ, ஒரு ஆஸ்பத்திரியில லட்சம்ங்காவ. எல்லாம் ஒரே சாமான்தானே?

வேலை ஒன்று, சாமான் வேறு. சந்தையில் மூன்று படிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி நம் நாட்டுத் தயாரிப்பு. சாப்ரா ஷண்ட் என்று சீட்டில் வருவது இதுதான். டி.கே. சாப்ரா என்ற நரம்பியல் அறுவை டாக்டரின் பெயர் அது. உத்தரப் பிரதேசம் ஷாஜஹான்பூரில் சர்ஜிவேர் கம்பெனி செய்கிறது. ஒரு பிளவும் அதை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்கும்தான் அதன் வால்வு. தில்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் உபாத்யாயா உருவாக்கிய ஷண்டும் உண்டு. நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா நிறுவனம் கண்டுபிடித்துக் கொடுத்ததை இந்துஸ்தான் லேடெக்ஸ் ‘செரிட்ரெயின்’ என்ற பெயரில் செய்தது. இந்தப் படியில் விலை சில ஆயிரங்களோடு நின்றுவிடும்.

இரண்டாவது படி, அழுத்தம் மாற்ற முடியாத இறக்குமதி வால்வு. மெட்ரானிக், இன்டெக்ரா இரண்டும் அமெரிக்கா, மீத்கே ஜெர்மனி, சோஃபிசா பிரான்ஸ். உலகச் சந்தையில் பெரிய கம்பெனிகளைக் கை விரலில் எண்ணிவிடலாம். காட்மன் என்று பழைய டாக்டர்கள் சொல்வது முன்பு ஜான்சன் அண்ட் ஜான்சனிடம் இருந்தது. 2017இல் 100 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து இன்டெக்ரா வாங்கிவிட்டது. பெட்டியில் பெயர் மாறியிருக்கிறதே என்று பயந்து திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் படியில் விலை பத்தாயிரக் கணக்கில் போகும். மூன்றாவது படி, வெளியிலிருந்தே காந்தத்தால் அழுத்தத்தை மாற்றக்கூடிய புரோகிராமபிள் வால்வு. லட்சத்தை ஒட்டியும் அதைத் தாண்டியும் விலை இருக்கும்.

வெலை கூடினதை வச்சாதான் பிள்ள நல்லா இருக்குமா? நகையை அடகு வச்சிரட்டுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். ‘விலை கூடினது, அதனால் நல்லது’ என்ற ஒரே காரணத்துக்காக நகையை வைக்காதீர்கள்.

உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற டாக்டர் 195 குழந்தைகளுக்கு ஷண்ட் வைத்து ஒரு வருடம் பார்த்தார். சிலருக்கு நம்ம ஊர் சாப்ரா, சிலருக்கு காட்மன் ஹக்கீம் என்ற இறக்குமதி வால்வு. அன்றைக்கு சாப்ராவின் விலை 35 டாலர், காட்மன் ஹக்கீமின் விலை 650 டாலர். ஒரு வருட முடிவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. அதற்கு முன் 1998இல், 344 குழந்தைகளுக்கு மூன்று வித வால்வுகளை வைத்து ஒப்பிட்ட ஆய்வு வந்தது. அதிலும் விசேஷமாக வடிவமைத்த வால்வு சாதாரண வால்வை முந்தவில்லை.

யாவாரி நானே இதைச் சொல்கிறேன் என்று ஆச்சரியப்படுவார்கள். விலை கூடின பெட்டியில்தான் எனக்கும் லாபம் கூடுதல். ஆனால் அந்தப் பணத்துக்குப் பிறகு செலவு காத்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஸ்கேன், பஸ், சாப்பாடு, வேலைக்குப் போகாத நாள், சில சமயம் இன்னொரு ஆபரேஷன். பீடி சுற்றிச் சேர்த்த பணத்தை முதல் பெட்டியிலேயே கொட்டிவிட்டு, இரண்டாம் மாதம் செக்கப்புக்கு வரக் காசில்லாமல் நிற்பதுதான் ஆபத்து.

டாக்டரே ஒரு காரணம் சொல்லி விலை கூடின வால்வு வேண்டும் என்றால் அது வேறு விஷயம். ‘ஏன் சார், சாதாரண வால்வு இவனுக்குப் போதாதா?’ என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார். கேட்பதில் தப்பில்லை.

அப்போ அந்த லட்ச ரூபா வால்வு யாருக்குத்தான்?

முக்கியமாக, நீர் அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்து உள்ளவர்களுக்கு. டிரம்மிலிருந்து ஹோஸ் போட்டு உறிஞ்சி விட்டால், ஹோஸின் மறுமுனை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் இழுக்கும் இல்லையா? ஷண்ட் வைத்தவர் எழுந்து நிற்கும்போதும் அதேதான். தலை மேலே, வயிறு கீழே. படுத்திருக்கும்போது சரியாக ஓடுகிற வால்வு, நின்றால் கூடுதலாக இழுக்கலாம். அப்படி இழுத்தால் தலைவலி வரும். மூளைக்கும் மண்டைக்கும் நடுவில் ரத்தம் கசியவும் கூடும். இதைத் தடுக்கத்தான் ஆன்டி சைஃபன், கிராவிட்டி வால்வு என்று தனி வகைகள். அழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்று முன்கூட்டியே கணிக்க முடியாத முதியவர்களுக்குப் புரோகிராமபிள் உதவும். மறு ஆபரேஷன் இல்லாமல் வெளியிலிருந்தே மாற்றலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: இந்த வால்வை மாற்றுகிற கருவி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? ஒவ்வொரு கம்பெனிக்கும் கருவி வேறு. வால்வு உங்கள் தலையில், கருவி சென்னையில் என்றால் ஒவ்வொரு தடவையும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதுதான்.

காப்பீட்டு அட்டை இருக்கு. பிறகு ஏன் வெளிய வாங்கிட்டு வாங்கன்னு சீட்டு குடுக்காவ?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஷண்ட் ஆபரேஷன் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பேக்கேஜ், அதாவது அந்த ஆபரேஷனுக்குத் திட்டம் மொத்தமாகத் தரும் தொகை, அனுமதியானால் ஷண்டும் அதற்குள்தான். நீங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சீட்டு கைக்கு வந்ததும் கடைக்கு ஓடிவராமல், முதலில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டு வார்டு மேலாளரைப் பாருங்கள். திருப்தியில்லை என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் போனால் எடுத்துக்கொடுப்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களான நமக்குக் கொக்கிரகுளம். சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம், அதனால் அங்கே போக வேண்டும். தெரியாமல் இங்கே வந்து ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆபரேஷன் அவசரம் என்றால் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், அட்மிட் ஆன பிறகும் வழி உண்டு என்பதை வார்டு மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியில போட்ட விலை ஒண்ணு, நீங்க சொல்லுத விலை ஒண்ணு. டூப்ளிகேட்டோ?

டூப்ளிகேட் இல்லை. எம்.ஆர்.பி.க்கும் நாங்கள் வாங்குகிற விலைக்கும் நடுவில் இடைவெளி பெரிது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் டிஸ்ட்ரிபியூட்டர், கடை, சில தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. பல இடங்களில் சரக்கு முன்கூட்டியே ஓ.டி.யில் இருக்கும். பயன்படுத்திய பிறகுதான் பில் வரும். அந்த பில் எம்.ஆர்.பி.யிலேயே வருவதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே எந்தக் கம்பெனி, என்ன விலை என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் அரசாங்கம் உச்சவரம்பு விலை வைத்தது. ஷண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்துக்குள் வந்ததால், எம்.ஆர்.பி.யை ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற விதி மட்டும் உண்டு. முதலில் வைக்கிற விலைக்கு வரம்பு இல்லாதபோது, பத்து சதவீத விதியால் வாங்குகிறவருக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து. ஸ்டென்டுக்கு வைத்தது போல இதற்கும் வைக்கலாம். வாங்குகிறவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் யாரும் சத்தம் போடுவதில்லை.

பெட்டியில என்னென்ன பார்த்து வாங்கணும்?

காலாவதி தேதி. லாட் எண். உள்ளூர்ச் சரக்கானால் தயாரிப்பு லைசென்ஸ் எண், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி லைசென்ஸ் எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும். உள் கவர் கிழியாமல் இருக்க வேண்டும். கிழிந்திருந்தால் கிருமி நீக்கம் போச்சு, வாங்காதீர்கள். சீட்டில் எழுதிய அழுத்தமும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றைக் கேட்டு வாங்கி உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மதுரையிலோ வேலூரிலோ ஒரு டாக்டர் ‘எந்த வால்வு?’ என்று கேட்கும்போது, ‘வெள்ளையா இருந்துச்சு சார்’ என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு தடவை வச்சா ஆயுசுக்கும் கிடக்குமா? கியாரண்டி உண்டா?

கியாரண்டி யாரும் தர முடியாது. இதைக் கசப்பாக இருந்தாலும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மேலே சொன்ன 1998 ஆய்வில், ஒரு வருடம் கழித்து 61 சதவீதம் ஷண்டுகள் வேலை செய்துகொண்டிருந்தன. இரண்டு வருடத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. அதாவது குழந்தைகளுக்கு வைத்ததில் பாதிக்கு மேல் இரண்டு வருடத்தில் ஏதோ ஒரு கோளாறு. அடைப்புதான் அதிகம். அடுத்தது கிருமித் தொற்று, குழாய் கழன்றுவிடுவது, முறிவது.

இதைக் கேட்டதும் ‘அப்ப எதுக்கு வைக்கணும்?’ என்பார்கள். வைக்காவிட்டால் தேங்கிய நீர் மூளையை நசுக்கும், பார்வை போகும், உயிரும் போகும். கோளாறானால் மாற்றலாம். ஒரே ஷண்டோடு பத்து இருபது வருடம் நன்றாக இருப்பவர்களும் நிறையப் பேர்.

பிள்ள வளர வளர குழாய் பத்தாம போயிராதா?

வயிற்றுக்குள் போகிற குழாயைக் கூடுதல் நீளமாகவே விட்டு வைப்பார்கள். பிள்ளை உயர உயர அது நிமிர்ந்து கொடுக்கும்.

ஷண்ட் கெட்டுப்போச்சுன்னு வீட்ல எப்படிக் கண்டுபிடிக்க?

கைக்குழந்தை என்றால்: உச்சிக்குழி புடைத்து நிற்பது, தலைச் சுற்றளவு வேகமாக ஏறுவது, பால் குடிக்காமல் வாந்தி, ஓயாத அழுகை, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது. வளர்ந்த பிள்ளை, பெரியவர்கள் என்றால்: காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, எப்போதும் தூக்கக் கலக்கம், பார்வை மங்கல், படிப்பில் திடீர் மந்தம், வலிப்பு. காய்ச்சலோடு குழாய் போகும் தடத்தில் சிவப்பு, வீக்கம், கசிவு இருந்தால் கிருமி. அது பெரும்பாலும் ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களில் வரும்.

வாந்தி வந்ததும் ‘செரிக்கலை’ என்று ஓமத்தண்ணீர் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ஷண்ட் வைத்த பிள்ளைக்கு அது கூடாது. வாந்தியோடு தூக்கக் கலக்கம் என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். உள்ளூர் கிளினிக்கில் காட்டினாலும் ‘ஷண்ட் வச்சிருக்கு’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வால்வை அடிக்கடி அமுக்கிப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம், அதை வைத்து ஒன்றும் உறுதியாகத் தெரியாது.

ஆன்டிபயாடிக் போட்ட குழாய்னு ஒண்ணு சொல்லுதாவ, அதாவது வாங்கலாமா?

கூடுதல் விலைக்குக் கொஞ்சமாவது ஆதாரம் உள்ள சாமான் இது என்று தைரியமாகச் சொல்வேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,605 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சாதாரணக் குழாயில் 6 சதவீதம் பேருக்குக் கிருமி, வெள்ளி கலந்த குழாயிலும் அதே 6, ஆன்டிபயாடிக் ஊறிய குழாயில் 2. ஆனால் அடைப்பையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த மறு ஆபரேஷனில் பெரிய வித்தியாசம் வரவில்லை. கையில் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மனசைப் போட்டு உழப்ப வேண்டாம். வெள்ளி என்றதும் உசத்தி என்று நினைக்கவும் வேண்டாம்.

குழாயே வேண்டாம், உள்ள ஓட்டை போட்டே சரிபண்ணலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

சரியாகத்தான் சொன்னார். எண்டோஸ்கோப் விட்டு மூளையின் மூன்றாவது அறையின் அடிப்பகுதியில் சின்னத் துளை போட்டு நீருக்கு மாற்று வழி விடுவது. உள்ளே எந்தச் சாமானும் வைப்பதில்லை, அதனால் என்னிடம் வாங்க ஒன்றுமில்லை. வழி அடைத்ததால் வந்த நோய்க்கு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பலிக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பலிப்பது குறைவு. உங்கள் பிள்ளை இதற்குத் தோதா என்று ஷண்டுக்குச் சரி சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

டிபி மூளைக்காய்ச்சல்ல நீர் கோத்துச்சு. ஷண்ட் வச்சாச்சு. மாத்திரையை நிறுத்திரலாமா?

கூடவே கூடாது. ஷண்ட் நீரைத்தான் இறக்கும், டிபியைக் கொல்லாது. மாத்திரை பொதுவாக ஒரு வருடம் வரை போகும், அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. இந்த நோய்க்கு எப்போது ஷண்ட் வைப்பது என்பதற்கு வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1991இல், நோயாளியின் நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதைக் கொண்டு நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் உலகெங்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே வைத்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போன பிறகு பலன் மிகக் குறைவு. ‘இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று வீட்டில் இழுக்காதீர்கள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்தணும். செய்யலாமா?

தையல் முழுக்க ஆறி, டாக்டர் சரி சொன்ன பிறகு செய்யலாம். சாஸ்தா கோவித்துக்கொள்ள மாட்டார், அடுத்த வருடம் போட்டாலும் ஏற்றுக்கொள்வார். மொட்டை போடுகிறவரிடம் வால்வு இருக்கும் புடைப்பைத் தொட்டுக் காட்டுங்கள். அங்கே கத்தி வேண்டாம், மெஷின் போதும். காதுகுத்து முதல் சில மாதங்களில் வேண்டாம், சின்னப் புண்ணும் கிருமிக்கு வழி. குளிப்பாட்டும் பாட்டி தலையை உருவிப் பிடிப்பார், அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கப்பாவுக்கு 72 வயசு. நடை தடுமாறுது, மூத்திரம் அடக்க முடியல, மறதி. இதுக்கும் ஷண்ட்ங்காவ. வயசான காலத்துல தேவையா?

வயதானால் இப்படித்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை, மூளைநீர் அழுத்தம் கூடாமலே அறைகள் பெருக்கும் ஒரு வகை என்று கொலம்பியா நாட்டு டாக்டர் சலமோன் ஹக்கீம் 1965இல் எடுத்துச் சொன்னார். காட்மன் ஹக்கீம் வால்வில் இருக்கும் பெயர் அவருடையதுதான். முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு நடக்க வைத்துப் பார்ப்பார்கள். நடை தேறினால் ஷண்ட் உதவ வாய்ப்பு அதிகம். முதலில் தேறுவது நடைதான், மறதி அந்த அளவு தேறாது. வால்வு எது என்பதற்கு லட்ச ரூபாய்க் கேள்வியின் பதிலைப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு அர்த்தம் இருப்பது இங்கேதான்.

ஷண்ட் வச்சவங்க எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

சாதாரண வால்வுக்குப் பெரும்பாலும் தடையில்லை. புரோகிராமபிள் வால்வு காந்தத்தால் மாறுவது, எம்.ஆர்.ஐ.யும் பெரிய காந்தம். சில மாடல்கள் அசையாது, சிலவற்றின் அளவு மாறிவிடும், ஸ்கேன் முடிந்த உடனே சரிபார்க்க வேண்டும். எந்த மாடல் என்று சொல்லத்தான் அந்த ஸ்டிக்கர். செல்போனை வால்வுப் பக்கத்துக் காதில் ஒட்டி வைக்காமல் மறு காதில் பேசுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

காரணத்தைப் பொறுத்தது. முதல் பிள்ளை முதுகுக் கட்டியோடு பிறந்திருந்தால், கரு தரிப்பதற்கு முன்பிருந்தே டாக்டர் சொல்லும் கூடுதல் அளவில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிட வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் தாமதம்தான்.

பிள்ளைக்கு ஆசனவாயில குழாய் எட்டிப் பார்க்கு. புழுன்னு நினைச்சோம். இழுத்துரலாமா?

இழுக்காதீர்கள். அபூர்வமாக, வயிற்றுக்குள் இருக்கும் முனை குடலைத் துளைத்து அந்த வழியே வந்துவிடும். குடல் கிருமி குழாய் வழியாக மூளைக்கு ஏறும் ஆபத்து உண்டு. வலியே இல்லாமல் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே நரம்பியல் அறுவைப் பிரிவுக்குப் போங்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஷண்டுக்குப் பிறகு தொடை இடுக்கில் குடலிறக்கம் வருவது இதைவிடச் சாதாரணம். அதையும் காட்டுங்கள்.

எடுத்த பழைய ஷண்டைக் கழுவி ஏழைப் பிள்ளைக்குக் குடுக்கலாம்லா?

நல்ல மனசுதான், ஆனால் கூடாது. ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் என்றே செய்த சாமான் அது. கழுவினாலும் உள் குழாயில் ஒட்டியிருப்பது போகாது.

பெட்டியைப் பிரிக்கல. ஆபரேஷன் தள்ளிப்போச்சு. திருப்பி எடுத்துக்கிடுவீயளா?

உள் கவர் பிரியாமல், பில்லோடு வந்தால் நான் எடுத்துக்கொள்வேன். எல்லாக் கடையிலும் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஊருக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் வெயிலில் பைக் டேங்க் மேல் வைக்காதீர்கள். ஆபரேஷன் தேதி உறுதியான பிறகு வந்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.